கம்பெனியின் நோக்கம்

"கம்பெனி ஆரம்பிச்சவங்க செத்துப்போயிட்டா, கம்பெனியும் செத்துப்போயிடுமா சார்?"

வக்கீல் கோவிந்தராசு கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து கோர்ட்டில் நின்றதில் கால் வலி. தஞ்சாவூர் வெயில் ஜன்னல் வழியாக மேஜை வரைக்கும் வந்துவிட்டது.

எதிரே பெஞ்சில் மருதையனும் அவருடைய தங்கை ராமாயியும் உட்கார்ந்திருந்தார்கள். மருதையன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ராமாயி ஒரத்தநாட்டுப் பக்கம் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். இரண்டு பஸ் மாறி அவர்கள் வருவது இது மூன்றாவது தடவை.

"சாகாது. ஆள் போனா அவரோட பங்கு வாரிசுக்குப் போவும். கம்பெனி பாட்டுக்கு இருக்கும்."

"வாரிசுங்க அடிச்சுக்கிட்டு நிலத்தைப் பிரிச்சுக்கிட்டா?"

"கம்பெனி பேர்ல நிலம் இருந்தா அது கம்பெனி சொத்து. பங்கைத்தான் பிரிச்சுக்கலாம். நிலத்துல ஒரு வரப்புகூட அவங்க இஷ்டத்துக்குப் போட முடியாது."

மருதையன் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் சந்தோஷமில்லை, ஒரு வேலை முடிந்தது என்பதுபோல் இருந்தது.

"ரெண்டு பேரு போதும்னீங்கள்ல?"

"பிரைவேட் லிமிடெட்டுக்குப் போதும்."

"தங்கச்சிக்குக் கையெழுத்து வராது சார். பங்குதாரரா இருக்கலாமா?"

"இருக்கலாம். சாட்சி வெச்சுக் கைநாட்டு வாங்கிக்கலாம்."

"நஷ்டம்னா வீட்டை ஏலம் போட்டுருவாங்களா?"

"லிமிடெட்டுன்னா அர்த்தமே அதான். போட்ட பங்கோட போச்சு. வீட்டுல கை வைக்க முடியாது."

"லாபமே வராம இருந்தா? கவர்மெண்டுல மூடிருவாங்களா?"

கோவிந்தராசு நிமிர்ந்து பார்த்தார். கம்பெனி தொடங்க வருகிறவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"லாபம் வந்தே ஆவணும்னு சட்டம் இல்லை. வருசா வருசம் மெட்ராஸுக்கு அறிக்கை அனுப்பணும். அனுப்பாம விட்டாத்தான் பேரை அடிச்சுடுவாங்க."

"அனுப்பிருவோம்" என்றாள் ராமாயி. மூன்று தடவை வந்ததில் அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"ஆபீஸுக்கு ஒரு விலாசம் வேணும்னீங்க" என்று மருதையன் தயங்கினார். "ஊர் விலாசம் வேணாம் சார். உங்க ஆபீஸ் விலாசமே கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம்…"

"நிலம் வாங்கறப்ப பத்திரத்துல யாரு கையெழுத்துப் போடணும்?"

"கம்பெனி தீர்மானம் போட்டு யாருக்கு அதிகாரம் கொடுக்குதோ அவங்க."

"அப்ப நீங்களே போட்டுடலாமா சார்?"

கோவிந்தராசு பேனாவை மூடினார். நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கராகக் குறைந்ததிலிருந்து, பண்ணைகள் மிச்ச நிலத்தை ஒளிப்பதற்குக் கூலியாட்களின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தன. எதற்கென்று தெரியாமல் கைநாட்டு வைத்துவிட்டுக் கோர்ட் வாசலில் அழுதவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார். பார்த்துப் பார்த்து, கோபம் வருவதுகூட நின்றுபோயிருந்தது.

"எந்தப் பண்ணை உங்களை அனுப்பிச்சுது?"

"யாரும் அனுப்பலை சார்."

"இத பாருங்க மருதையன். வியாபாரம் என்னன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க. லாபம் வேணாங்கிறீங்க. விலாசம் என்னுது, கையெழுத்தும் என்னுது. இதுக்குப் பேர் பினாமி. நாளைக்கு ஜெயிலுக்குப் போறது நீங்க. உங்களை அனுப்பின ஆள் மெத்தையில படுத்திருப்பான்."

மருதையன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்திரெண்டு வருசம் ரயில் ரோட்டுல கல்லடிச்ச காசுல வாங்கறோம் சார். சட்டப்படி வாங்கறோம். எங்க பேரு மட்டும் வெளியில தெரிய வேணாம்."

"அப்ப சங்கமாப் பதிவு பண்ணிக்குங்களேன். சுலபமா முடிஞ்சிடும்."

"சங்கம்னாலே எங்க ஊர்ல கம்பைத் தூக்கிருவாங்க சார். கம்பெனின்னா நாற்காலி போடுவாங்க."

கோவிந்தராசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"கம்பெனியோட நோக்கம்னு ஒரு பத்தி எழுதியாவணும். என்ன தொழில்னு சொல்லாம பதிவு பண்ண முடியாது. மூணு தடவையாக் கேக்கறேன். இன்னைக்கும் சொல்லலைன்னா தயவுசெஞ்சு வேற வக்கீலைப் பாருங்க."

வெளியே ஜட்கா வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

ராமாயி எழுந்து நின்றாள்.

"எங்க தெருவுக்கும் எங்க சுடுகாட்டுக்கும் நடுவுல பண்ணையோட வயலு ஒரு மா அளவு கெடக்கு சார். அதுல நாங்க கால் வைக்கக் கூடாது. எங்களுக்குன்னா விக்க மாட்டாரு, டவுன் கம்பெனிக்குன்னா விக்கிறேங்கிறாரு."

அவள் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

"போன ஐப்பசியில எங்கம்மாவை வாய்க்காலுக்குள்ள எறங்கி, கழுத்துத் தண்ணியில தலைக்கு மேல தூக்கிட்டுப் போனோம். இனிமே எங்க சனத்துப் பொணம் தரையில போவணும். அதான் சார் எங்க கம்பெனியோட தொழில்."