இருபத்தொன்பதாம் தேதி ஞோக்கி

“இன்னிக்கா? இருபத்தொன்பதாம் தேதியா? ஏண்டா, உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?”

மாவு அப்பிய கையோடு கத்தினார் எர்மினியோ. மாதத்தில் இந்த ஒரு நாள் கோர்தோபா நகரமே உருளைக்கிழங்கு மாவை உருட்டி வேகவைத்த ஞோக்கிதான் தின்னும். பதினோரு மணிக்கெல்லாம் அவர் கடை வாசலில் வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். ஞோக்கி உருட்ட இருப்பவன் லௌதாரோ ஒருவன்தான். அவனோ சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றான்.

“இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியில மெஷின் காலியாம், முதலாளி. பிளாஸ்மா குடுத்துட்டு ஓடி வந்துடறேன்.”

“போன மாசமும் இதே தேதி, இதே கதை. ரத்தம் குடுக்கறானாம், ரத்தம்!”

“ரத்தத்தைத் திரும்ப உடம்புக்கே விட்டுடுவாங்க. அதுல இருக்கற மஞ்சத் தண்ணியை மட்டும் எடுத்துப்பாங்க. அதுலதான் மருந்து செய்யறாங்க. நரம்பு தளர்ந்தவங்க, எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்கன்னு எத்தனையோ பேருக்கு அதை விட்டா வழியில்ல. குடுக்கத்தான் ஆள் இல்ல.”

“மருந்தெல்லாம் ஃபேக்டரியில செய்வான். உன் கையில ஊறுதாக்கும்! யாருக்குடா காது குத்தற? போடா ஞோக்கி!”

அந்த ஊரில் அது வெறும் பலகாரத்தின் பெயர் மட்டுமல்ல. மாதம் முழுக்க வேலைப் பக்கமே வராமல், சம்பளத் தேதிக்கு மட்டும் வந்து கை நீட்டும் ஆசாமிக்கும் அதே பெயர்தான். லௌதாரோவின் முகம் சுண்டிப் போனது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

எர்மினியோ தனியாக உருட்ட ஆரம்பித்தார். இரண்டு தட்டு முடிவதற்குள் பொறுமை போய்விட்டது.

“எவ கூடயாவது சுத்திட்டிருப்பான். நான் என்னிக்காவது இப்படி லீவு போட்டிருக்கேனா?”

“மாசாமாசம் பத்தாம் தேதி நோட்டரி ஆபீசுன்னு நீங்க போறதில்லையா?” என்றாள் கல்லாவில் இருந்த மனைவி நெலிதா.

“அது என் சொந்த வேலை. நீ சும்மா இரு.”

“அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. வாயை அடக்குங்க, அவன் வேலையில கையை வச்சுடாதீங்க.”

“பொய்யா மட்டும் இருக்கட்டும், இன்னியோட சீட்டைக் கிழிச்சுடறேன். நேரா போய்ப் பார்த்துட்டே வரேன்!”

ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டுக் கிளம்பினார். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. யாரிடமும் வழி கேட்காமல் விறுவிறுவென்று மூன்றாவது மாடி ஏறினார். கண்ணாடிக் கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார்.

லௌதாரோ சாய்வு நாற்காலியில் கிடந்தான். கையில் ஊசி. பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொங்கிய பையில் மஞ்சள் தண்ணீர் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

எர்மினியோவுக்கு வெட்கமாகப் போயிற்று. அவன் பார்ப்பதற்குள் நழுவிவிடலாம் என்று திரும்பினார்.

“அட, எர்மினியோ சார்!” வராண்டாவில் வந்த நர்ஸ் வழியை மறித்தாள். “உங்களுக்கு டிரிப்ஸ் ஏத்தறது பத்தாம் தேதிதானே? இன்னிக்கே வந்துட்டீங்க! விரலெல்லாம் மறுபடியும் மரத்துப் போச்சா?”

எர்மினியோ கண்ணால் ஜாடை காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

“வந்ததும் நல்லதாப் போச்சு. உங்க பாட்டில்ல வர்ற மருந்து, இந்தத் தம்பி மாதிரி ஆளுங்க குடுக்கறதுல செய்யறதுதான். ஒரு நன்றி சொல்லிட்டுப் போங்க.”

லௌதாரோ முதலாளியைப் பார்த்தான். தொங்கும் பையைப் பார்த்தான். மெல்லச் சிரிப்பு வந்தது.

“மாசாமாசம் சொன்ன தேதிக்கு வந்து, வாங்கிக்கிட்டு மட்டும் போறீங்க. இப்ப சொல்லுங்க முதலாளி, யாரு ஞோக்கி?”