முகூர்த்தத்துக்கு முன் ஒரு பாடம்

"முதல்ல எஸ்கேப்பை அழுத்து. ரெண்டு தடவை அழுத்தினாலும் குத்தமில்லை."

கேரளத்து வடகரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் அறைக்குள், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான் ரெஜீஷ். இடுப்பில் ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டி, நெற்றியில் சந்தனம். மாப்பிள்ளை அவன்தான்.

"அழுத்திட்டேன் ரெஜீஷேட்டா. ஒண்ணும் ஆகலையே" என்றாள் ஸ்மிஷா.

"ஒண்ணும் ஆகலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்."

"நல்ல மிஷின் வச்சிருக்கீங்க."

எல்லாம் அவன் இழுத்து வைத்த வினை. நர்சிங் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கும் இணையதளம் அவன் அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது. நேற்று மாலை கல்யாண அவசரத்தில் அதன் கோப்பு ஒன்றில் 8080 என்று அடிப்பதற்குப் பதில் 8008 என்று அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். காலையில் பார்த்தால் தளம் திறக்கவில்லை. பகல் பன்னிரண்டோடு விண்ணப்பம் முடிகிறது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் வீண். மூன்று பேராகச் சேர்ந்து நடத்தும் அந்தச் சின்ன அலுவலகத்தை அப்புறம் எவன் நம்புவான்?

வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி சர்வரைப் பூட்டி வைத்ததும் அவனேதான். நேரில் போய் உட்கார்ந்தால்தான் உண்டு. கூட்டாளி நிஷாத் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. நடந்து தாண்டவும் விடவில்லை. அலுவலகமோ கேட்டுக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் அகப்பட்ட ஒரே ஆள் ஸ்மிஷாதான். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மாடியேறி, அவன் சொன்னபடி கோப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். கோப்புகளைத் திருத்துவதற்கான விம் என்னும் அந்தக் கறுப்புத் திரையை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதில் மவுஸுக்கு மரியாதை கிடையாது. எல்லாம் எழுத்துகளின் ராஜ்ஜியம்.

"இப்ப ஜே அழுத்து. ஒரு தடவைக்கு ஒரு வரி இறங்கும்."

போனில் கலகலவென்று ஏதோ சத்தம்.

"இறங்கலை ரெஜீஷேட்டா. வரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது."

நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைய ஆரம்பித்தது. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று கேட்டான். எரிந்தது. கை இடித்திருக்கும் என்றாள்.

"அதை அணை. அணைச்சிட்டியா? இப்ப யூ. ஒரு தடவை அழுத்தினா கடைசியா செஞ்ச தப்பு மறைஞ்சிடும். இன்னொரு தடவை அழுத்தினா அதுக்கு முந்தினது."

டக், டக்கென்று கீ தட்டும் சத்தம். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "எல்லாம் பிரிஞ்சு பழையபடி நிக்குது. இந்த மாதிரி ஒரு எழுத்து எல்லாத்துக்கும் இருக்கா?"

"விம்முல மட்டும்தான். கீழே இறங்கு, நேரமாச்சு."

கதவைத் தள்ளிக்கொண்டு தாய்மாமன் பவித்ரன் வந்தார். "மோனே, தாலி கட்டற அன்னிக்குமா கம்ப்யூட்டரு? பொண்ணு வீட்டுக்காரங்க வண்டியும் ரயிலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சாம். அவங்க வர்றதுக்குள்ள போனை வச்சுட்டு மூஞ்சியத் துடை."

ரெஜீஷ் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தான். ஸ்மிஷா ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். ஜேவுக்கு முன்னால் ஒரு எண்ணைப் போட்டால் அத்தனை வரி ஒரே தாவாகத் தாவுமா என்று. அவன் சொல்லிக்கொடுக்காத வித்தை அது. நிஷாதுக்கே அது பிடிபட வெகுநாள் ஆனது. ரெஜீஷின் முகம் மலர்ந்துவிட்டது.

"தாவும். தாவு."

"தாவிட்டேன். உங்க 8008 கண்ணு முன்னாடி நிக்குது. இவ்வளவு படிச்சும் எண்ணைப் பார்த்து அடிக்கத் தெரியலையே உங்களுக்கு."

"வந்து திட்டு. முதல்ல எல் எழுத்தை அழுத்தி அழுத்தி, ரெண்டாவது சைபருக்குப் போ. ஆர் அழுத்திட்டு எட்டு. திரும்ப ஒரு எல். ஆர், சைபர்."

"8080."

"இப்ப சேமிச்சு வெளியே வரணும். கோலன், டபிள்யூ, கியூ, என்டர்."

பிறகு சர்வரை மறுபடி கிளப்பும் கட்டளையையும் எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவள் அடித்து முடித்த கையோடு கேட்டில் நின்ற நிஷாதிடமிருந்து செய்தி வந்துவிட்டது. தளம் திறந்துவிட்டது, விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன, ரயிலும் நகர்கிறது. மணி பதினொன்றே கால்.

பவித்ரனுக்குத்தான் கணக்கு உதைத்தது. "உங்க ஆபீஸ்ல மூணே பேரு. ஒருத்தன் கேட்டுல நிக்கறான், ஒருத்தன் பாயசத்தை ருசி பார்க்கறான், நீ இங்க இருக்கே. அப்ப இவ்வளவு நேரமும் யாருக்குடா பாடம்?"

ரெஜீஷ் சிரித்துக்கொண்டே மூஞ்சியைத் துடைக்கப் போனான். அரைமணி கழித்து வாசலில் நாகஸ்வரம் கிளம்பியது. பெண் வீட்டார் வந்துவிட்டார்கள்.

மணமேடையில் அவன் தாலியோடு குனிந்தபோது, கை நிறைய வளையல் கலகலக்க, விரல் நுனியில் ஒட்டியிருந்த கீபோர்டுத் தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டே மணப்பெண் அவன் காதுக்கு மட்டும் சொன்னாள்: "யோசிச்சு முடிச்சுப் போடுங்க ரெஜீஷேட்டா. இதுக்கு யூ கிடையாது."