பளபளப்பில்லாத பச்சை

பிட்ஸ்பர்கில் நோரீனின் செங்கல் வீட்டு முன்சுவரில் பெயின்டர் கிளைட் மூன்று நிறங்களைத் தடவிக் காட்டியிருந்தான். மறுநாள் காலை நோரீன் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள்.

“நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் பச்சைன்னாரே மேடம்? பளபளப்பு வேணாம், செங்கல்லோட சொரசொரப்பு தெரியணும்னார்.”

அவள் கணவர் ரஸ்ஸல் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

“எங்க நின்னு சொன்னார்?”

“மாடி ஜன்னல்ல. நீங்க உட்கார்ந்திருந்தீங்களே, உங்களுக்குப் பின்னாடி நின்னு. உங்களுக்குக் கேக்கலையா?”

நோரீன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். திரை அசையவில்லை.

“சரி, பச்சையே அடிங்க” என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டாள்.

கிளைட் யோசித்துப் பார்த்தான். “இல்ல மேடம். சுவரைப் பத்தி மட்டும்தான் பேசினார்.”