காலைக்காட்சிச் சிரிப்பு

"இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா?"

கேட்டுவிட்டுத் துறைத்தலைவர் ஞானதுரை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஹக் ஹக்கென்று தொடங்கி ஒரு விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. வகுப்பில் ஒருநாளும் பல்லைக் காட்டாத மனிதர். அவர் சிரித்த பிறகு, இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பேராசிரியர்களும் சிரித்தார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசை தவற மாட்டார்கள்.

பவானி எதிரே நின்றாள். முனைவர் பட்டத்துக்கு அவள் கொடுத்திருந்த தலைப்பு, 'ஆபாசப் படம் பார்ப்பவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?' மூன்று பேரும் இன்று கையெழுத்துப் போடாவிட்டால் பதிவு கிடையாது. அனுமந்தன்பட்டியில் அப்பா மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். படிப்பு அதோடு சரி.

"பொம்பளப் பிள்ளை எழுதுற தலைப்பா இது? சங்க இலக்கியத்துல நகைச்சுவைன்னு மாத்திக்க. ஏற்கெனவே நாலு பேர் எழுதிருக்காக. பார்த்து எழுதிரலாம்."

"இதுக்குன்னு ஒரு மாசம் அலைஞ்சிருக்கேன் சார். கம்பத்துல காலைக்காட்சிக்கு மலையாளப் படம் ஓட்டுற தியேட்டர்ல ஆப்பரேட்டர் ஒச்சாண்டி எனக்குத் தாய்மாமா. அவுக மெஷின் ரூம்லதான் உட்கார்ந்திருந்தேன்."

"அந்தப் படத்தையெல்லாம் பார்த்தியா?"

ஞானதுரை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டார். காது மட்டும் பதிலுக்கு முன்னாடியே நீண்டுவிட்டது.

"மாமா பார்க்க விடலை சார். சிரிப்பை மட்டும் கேட்டேன். காமெடிக்கு ஒருத்தரும் சிரிக்கலை. நடுவுல பிட்டு ஓடுறப்பதான் சிரிச்சாக. அதுலயும், விளக்கு அணைஞ்ச பெறகு தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வர்றவகதான் மொதல்ல சிரிக்கிறாகளாம். மாமா சொன்னாக. யாராச்சும் பார்த்துட்டாலும், சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்னு சொல்லிக்கிறதுக்கு."

"உன் மாமா சொன்னா ஆராய்ச்சியா? ஆதாரம் வேணும்மா, ஆதாரம். சிரிப்புக்கு எங்க போய் ஆதாரம் காட்டுவ?"

பவானி பையிலிருந்து சின்ன டேப் ரிக்கார்டரை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்தினாள்.

மெஷின் ஓடுகிற சத்தம். பிறகு கொட்டகையே மூச்சடக்கியது போல ஓர் அமைதி. அதை உடைத்துக்கொண்டு முதல் சிரிப்பு வந்தது. ஹக் ஹக். கடைசியில் விக்கல்.

பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதம் திருப்பித் திருப்பிக் கேட்ட சிரிப்பு, இத்தனை நேரம் எதிரே கோட்டும் கண்ணாடியும் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

ஞானதுரை பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

பக்கத்திலிருந்த இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தத் தடவை தலைவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கீச்சுக் குரலில் சிரித்தார், இன்னொருவர் தொண்டைக்குள்ளேயே கனைத்தார்.

பவானி இரண்டையும் நிதானமாகக் கேட்டாள். பிறகு கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பினாள்.

"அடுத்த பக்கமும் இருக்கு சார். போடட்டுமா?"

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.