செவ்வாயின் கூடுதல் வெளிச்சம்

லடாக் மலைமேல் இருந்த தொலைநோக்கி வெப்பத்தையே வெளிச்சமாகப் பார்ப்பது; பகலிலும் வேலை செய்யும். காலையில் வேலை தொடங்கும்போது முதலில் செவ்வாய்க் கிரகத்தைத்தான் பார்க்கும். அதன் வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்பது கணக்குப்படி தெரியும். அதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவற்றை அளப்பார்கள். அது எஸ்தரின் பொறுப்பு. அவள் கணவன் ஜெபசிங் ஆறு வருடமாகச் செவ்வாயில் வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

"எஸ்தரு, மூணு மாசமா செவ்வாய் கூடுதலா காட்டுது. காத்து உலர்ந்திருக்கு, அதான் கூடுதலா வருதுன்னு எழுதி நீ அதைக் கழிச்சிருக்கே. முந்தாநாள் துவைச்ச துணிகூட காயலியேம்மா!" என்றார் தலைமைப் பொறியாளர் மைதீன்.

எஸ்தர் தலைகுனிந்தாள்.

"அங்க வீடு பெருகிட்டு. அத்தனை வீட்டுலயும் ஹீட்டர். உன் வீட்டுக்காரர் மூட்டுன சூடுதான் இது. இனிமே அது அளவுகோல் ஆகாது. யுரேனஸ வச்சுக்குவோம்."

"யுரேனஸ்ல எனக்கு யாரு அண்ணாச்சி இருக்கா?"

மைதீன் படிவத்தை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். செவ்வாயைப் பட்டியலிலிருந்து நீக்கி எஸ்தர் கையெழுத்திட்டாள். தொலைநோக்கி முனகிக்கொண்டே திரும்பியது.

அவள் வெளியே ஓடி, அது இதுவரை பார்த்திருந்த திசையில் அண்ணாந்தாள். நல்ல வெயில். அவள் கண்ணுக்கு நீல வானம் மட்டுமே தெரிந்தது.