இடது சடை

தலைமையாசிரியையின் மேசைமேல் முப்பிடாதியின் இடது சடை, ரிப்பன்கூட அவிழாமல் கிடந்தது. தையல் வகுப்புக் கத்தரிக்கோலால் அதை வெட்டிய வடிவு சுவரோரம் தலைகுனிந்து நின்றாள். என்ன சண்டை என்று கேட்டதற்கு இருவருமே வாய் திறக்கவில்லை.

"வடிவு, ரெண்டு வாரத்துக்கு நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக்கூடாது," என்றார் தலைமையாசிரியை.

"அவ வீட்ல காலை நீட்டிப் படுத்துக் கிடப்பா. நான் மட்டும் இந்தத் தலையோட தெனமும் வரணுமா?" என்றாள் முப்பிடாதி. "வெட்டுனவளே வந்து எனக்குச் சடை போட்டுவிடட்டும். முடி வளருற வரைக்கும்."

"உனக்காகத்தான சொல்றேன்."

"எனக்காகன்னா என்னைக் கேளுங்க டீச்சர்."

அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை முப்பிடாதி வடிவின் வீட்டுக்கே போய், அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, பள்ளிக்கூடக் கொடிமரத்தடியில் எல்லாரும் பார்க்கச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வலது சடை சீக்கிரம் முடிந்தது. இடப்பக்கம் காதோடு நின்ற முடி வடிவின் விரலுக்குள் அடங்காமல் வழுக்கியது. கட்டக் கட்ட ரிப்பன் உருவிக்கொண்டு விழுந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளின் சிரிப்பு மெல்ல அடங்கியது. வடிவு விசும்ப ஆரம்பித்தாள்.

பிரேயர் மணி அடித்தது. தலைமையாசிரியை வேகமாக வந்தார்.

"அவளை வெளிய அனுப்பிட்டு நீ வரிசைக்குப் போ!"

முப்பிடாதி எழுந்திருக்கவில்லை.

"ரெட்டைச் சடை இல்லாம பிரேயருக்கு வரக்கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

விழுந்த ரிப்பனை எடுத்து, திரும்பிப் பாராமலே தோளுக்குப் பின்னால் நீட்டினாள்.

"மூக்கைச் சிந்திட்டுப் போடுட்டி."