இடது கதவில் ஒரு கீறல்

மாமனார் போட்ட கல் மோதிரம் விரலிலேயே இருப்பதை மகேன் கவனித்தபோது காரியம் கெட்டிருந்தது. கழுவி நிறுத்திய கருநீலக் காரின் இடது முன்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு கீறல். கார் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நகத்தால் இழுத்துப் பார்த்தான். நகம் மாட்டவில்லை, மேல்பூச்சோடு நின்ற கீறல்தான். ஒரு சுற்றுச் சுழன்று வலப்பக்கம் நீண்டிருந்தது. வட்டம் வட்டமாகத் தேய்த்த கை வேறு எப்படிக் கீறும்?

ரிங்லெட் மலைச் சாலையோரம் அவன் கார் கழுவும் கொட்டகை போட்டு ஏழு வருஷம். வாட்ச், மோதிரம், பெல்ட் மூன்றையும் பிஸ்கட் டின்னில் போட்ட பிறகுதான் வண்டியைத் தொடுவான். ஊருக்கெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தான். இன்றைக்குப் பார்த்து மறந்து தொலைத்திருக்கிறான்.

காலையில் காரைக் கொண்டுவந்தவர் பக்கிரிசாமி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். தோட்டத்து மண்ரோட்டுச் சேறு கதவு முழுக்க அப்பியிருந்தது.

"புதுக் காடிக்கு எதுக்குடா பாலிஷுன்னு எல்லாரும் என்னைக் கிண்டல் பண்றாங்க. நீங்களா கொண்டாந்திருக்கீங்களே அங்கிள்" என்றான் மகேன்.

"கோட்டிங்னு ஏதோ போடுவியாமே தம்பி. அது போட்டா என்னா ஆகும்?"

இதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று மகேனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "புதுசுன்னுதான் பேரு அங்கிள். லோரில ஏத்தி, வெயில்லயும் மழையிலயும் கெடந்து, கடையில நாலு பேரு அழுக்குத் துணியால தொடைச்சுத்தான் நம்ம கைக்கு வருது. நல்லா கழுவி, ஒட்டின தூசியெல்லாம் எடுத்து, மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசிட்டா போதும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு இருக்கிறது அப்படியே இருக்கும் லா."

"இருக்கிறது அப்படியே இருக்குமா?" பெரியவர் மறுபடியும் கேட்டார்.

"அப்படியே இருக்கும்."

"அப்ப போடு. வீட்டுக்காரி அம்சவல்லி பேருல எடுத்த காடி. கைநாட்டு வச்சு எடுத்தா. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளினவ, ஆசைன்னு கேட்டது இந்தக் காடிதான். வந்த நாலாம் நாளே போயிட்டா. நேத்துதான் பதினாறு முடிஞ்சுது."

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார். மகேன் அதை வாங்கிக்கொண்டான். "நான் பாத்துக்கிறேன் அங்கிள், சாயந்தரம் வாங்க" என்று அனுப்பிவைத்தான்.

வழக்கமாகக் கழுவுவதற்கு முன்னால் சொந்தக்காரரோடு காரைச் சுற்றி வருவான். ஏற்கெனவே எங்கெங்கே என்ன இருக்கிறது என்று இருவரும் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். புதுக் காரில் என்ன இருந்துவிடப் போகிறது என்று இன்றைக்கு அதையும் விட்டுவிட்டான்.

செத்துப்போன மனுஷியின் ஆசையில் போய்க் கீறல் போட்டுவிட்டோமே என்று மகேன் மோதிரத்தைக் கழற்றி டின்னில் எறிந்தான். பக்கிரிசாமிக்குப் போன் போட்டான். மணி அடிப்பதற்குள் தானே வெட்டினான்.

மறைத்துவிடுவதுதான் சுலபமாகத் தெரிந்தது. மெஷினில் பஞ்சு வட்டை மாட்டி, பாலிஷ் தடவி, அந்த இடத்தை மெல்ல மெல்லத் தேய்த்தான். அரை மணி நேரத்தில் கீறல் போன இடம் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது கதவில் அவன் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை.

பிறகு கார் முழுக்கப் பூச்சு. மத்தியானம் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று சாயந்தரம் வரைக்கும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

பனி இறங்கும் நேரத்துக்குப் பக்கிரிசாமி வந்தார். பளபளவென்று நின்ற காரை அவர் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே இடது கதவுக்குப் போய்க் குனிந்து, கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினார்.

யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று மகேன் நினைத்தான்.

"மன்னிச்சிடுங்க அங்கிள். மோதிரத்தைக் கழட்டாம தேய்ச்சுட்டேன், அந்த எடத்துல கீறல் விழுந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லாம மறைக்கப் பாத்தேன், அது பெரிய தப்பு. ஆனா சுத்தமா எடுத்துட்டேன், தடமே இல்ல. கூலியும் வேணாம்."

பெரியவர் கோபப்படவில்லை. கதவிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

"உன் மோதிரம் ஒண்ணும் பண்ணல தம்பி" என்றார். "அம்சவல்லி படிக்காதவ. அவளுக்கு எழுதத் தெரிஞ்சது பிள்ளையார் சுழி மட்டுந்தான். காடி வந்த அன்னிக்கு, சாவியால அங்க போட்டா."

மகேன் அந்த இடத்தில் மறுபடியும் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அது அழிஞ்சிடக் கூடாதுன்னுதான் உங்கிட்ட கொண்டாந்தேன்."